ஹோம்வொர்க் சாட்டில் ஆட்டுக்குட்டிக்கு என்ன வேலை?

ராத்திரி ஒன்பது மணி. சென்னை ஓஎம்ஆரில் வேலை முடிந்து வீடு திரும்பும் ஒரு அக்காவின் போனில் வாட்ஸ்அப் சத்தம். தென்காசிப் பக்கத்துக் கிராமத்தில் எட்டாம் வகுப்பு படிக்கும் சித்தி மகன்தான்.

"எக்கா, இருக்கியா?"

"சொல்லுடா. சாப்ட்டியா?"

"சாப்ட்டேன். செவலை இன்னைக்கு அம்மா சேலையைத் தின்னுட்டு."

"அய்யய்யோ! சித்தி என்ன சொன்னாங்க?"

"ஒரே ஏச்சு. எக்கா, ஒரு கணக்கு புரியல."

செவலை என்பது வீட்டில் வளரும் வெள்ளாட்டுக் குட்டி. அதன் சேட்டையில் தொடங்கி, கடைசியில் கணக்கில் வந்து நிற்பதுதான் இருவரின் வழக்கமான அரட்டை. அன்றைக்கு அக்காவுக்கு உடம்பெல்லாம் அசதி. காலையில் டெட்லைன் வேறு. "சாட்ஜிபிடி கிட்ட கேளுடா, சூப்பரா சொல்லும்" என்று அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

ஒரு வாரம் மெசேஜ் எதுவும் வரவில்லை. அக்காவே கேட்டாள்: "கணக்கெல்லாம் எப்படிப் போகுது?"

"நல்லா போகுதுக்கா. அதுவே எல்லாம் சொல்லிடுது."

அப்பாடா என்று இருந்தது அக்காவுக்கு.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், ஊரில் தம்பி தங்கைகளை விட்டுவிட்டு நகரத்தில் வேலை பார்க்கும் பலருக்கும் இதில் ஒரு பாதியாவது பழக்கமானதாக இருக்கும். இங்கே யாரும் தப்பு செய்யவில்லை. பையனுக்கு விடை கிடைத்தது, அக்காவுக்குத் தூக்கம் கிடைத்தது. பிறகு எது போனது? அதைப் புரிந்துகொள்ள, பையன் கேட்க வந்த அந்தக் கணக்கையே பார்க்கலாம்.

38.5 சதுர மீட்டர் புல்

20 மீட்டர் பக்கமுள்ள சதுரப் புல்வெளி. அதன் ஒரு மூலையில் 7 மீட்டர் கயிற்றில் ஓர் ஆடு கட்டப்பட்டிருக்கிறது. அது மேயக்கூடிய பரப்பு எவ்வளவு? கயிற்றை 14 மீட்டராக்கினால் எவ்வளவு?

எண்களையும் விலங்கையும் மட்டும் மாற்றி மாற்றிக் காலங்காலமாகப் பாடப்புத்தகங்களில் வரும் கணக்கு இது. மூலையில் கட்டியிருப்பதால் ஆடு மேய்வது கால் வட்டம். 22/7 என்று வைத்துப் போட்டால் முதல் விடை 38.5 சதுர மீட்டர். கயிற்றை இரண்டு மடங்காக்கினால்? பெரும்பாலான பிள்ளைகள் சட்டென்று சொல்வது, "77". சரியான விடை 154. நீளம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகிறது.

ஏஐ சாட்பாட் இதைத் தப்பில்லாமல், படிப்படியாக, தமிழிலேயே சொல்லிவிடும். நோட்டில் எழுதினால் ஆசிரியர் டிக் போட்டுவிடுவார். ஆனால், 77 என்று ஏன் தோன்றியது, அது ஏன் தப்பு என்ற இடத்தைப் பையன் கடக்கவே இல்லை. விடை வந்துவிட்டதால் அந்தக் குழப்பம் வெளியே தெரியாமலேயே போகிறது.

அக்கா அன்றைக்குக் கொஞ்சம் விழித்திருந்தால் உரையாடல் இப்படிப் போயிருக்கலாம்:

"செவலையை எவ்வளவு நீளக் கயித்துல கட்டுவ?"

"ரெண்டு முழம் இருக்கும்."

"அதை நாலு முழமாக்குனா புல்லும் ரெண்டு மடங்குதான் கிடைக்குமா?"

"ஆமா... இருக்கா, பாத்துட்டு வாரேன்."

மறுநாள் காலையில் அவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆட்டோடு சுற்றிவந்து பார்ப்பான். நீளம் கூடும்போது குட்டி முன்னால் மட்டும் போவதில்லை, பக்கவாட்டிலும் விரிந்துகொண்டு போகிறது என்பதைக் காலால் உணர்வான். அதற்குப் பிறகு, 'r' ஏன் இரண்டு தடவை பெருக்கப்படுகிறது என்பதை அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

செவலையைப் பற்றிய அரட்டை, படிப்புக்கு நடுவில் வந்த இடைஞ்சல் இல்லை. பாடத்துக்குப் போகிற வழியே அதுதான்.

அரட்டை என்றால் வெட்டிப் பேச்சா?

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது, தமிழ்நாட்டில் ஏராளமான வீடுகளுக்கு வகுப்பறை என்பதே ஒரு வாட்ஸ்அப் குரூப்பாக மாறியது. ஆசிரியர் காலையில் ஹோம்வொர்க் அனுப்புவார். பிள்ளைகள் எழுதிப் படம் எடுத்து அனுப்புவார்கள். 1 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் 2021 நவம்பரில்தான் பள்ளிக்குத் திரும்பினார்கள். அந்த ஒன்றரை ஆண்டில் அதிகாரப்பூர்வ குரூப்புகளில் பெரும்பாலும் "ஓகே சார்", "தேங்க்யூ மிஸ்" மட்டுமே இருந்தது. டவுட் கேட்பது வேறு இடத்தில் நடந்தது. நாலைந்து நண்பர்கள் தனியாக வைத்திருந்த குரூப்பில், நாய்க்குட்டி படத்துக்கும் கிரிக்கெட் ஸ்கோருக்கும் நடுவில், "டேய், அந்த மூணாவது கணக்கு என்னடா?" என்று வந்தது.

காரணம் எளிது. "எனக்குப் புரியவில்லை" என்று சொல்லக் கொஞ்சம் தைரியம் வேண்டும். நாற்பது பேர் முன்னால் அது வராது. ஏற்கெனவே சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் வரும். பூனை எத்தனை குட்டி போட்டது, மீன்தொட்டியில் ஃபைட்டர் மீன் ஏன் தனியாக இருக்கிறது, தெருவில் எடுத்துவந்த நாய்க்குட்டிக்கு என்ன பேர் வைக்கலாம் என்ற பேச்சுகள் செய்கிற வேலை இதுதான். தெரியாததைத் தெரியாது என்று சொல்லக்கூடிய ஓர் இடத்தை அவை உண்டாக்குகின்றன.

'படிக்கும்போது என்ன அரட்டை?' என்று போனைப் பிடுங்குகிற பெற்றோர் இதைக் கவனிப்பதில்லை. பிடுங்கப்படுவது பொழுதுபோக்கு மட்டுமல்ல. பிள்ளை கேள்வி கேட்கும் இடமும் சேர்ந்தே போகிறது.

ஏஐ நண்பன் தருவது என்ன?

இதையே ஏஐ சாட்பாட்டும் தருகிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எத்தனை தடவை கேட்டாலும் அது எரிச்சல்படாது. "இதுகூடத் தெரியாதா?" என்று கேட்காது. நள்ளிரவிலும் பதில் சொல்லும். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினாலும் புரிந்துகொள்ளும். டியூஷன் ஃபீஸ் கட்ட முடியாத வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

ஒரு மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற கனவு கல்வியாளர்களுக்குப் பழையது. அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் 1984இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், தனிப்பட்ட பயிற்சி பெற்ற சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் படித்தவர்களில் 98 சதவீதம் பேரை முந்தினார் என்றார். பின்னால் வந்த ஆய்வுகளில் அவ்வளவு பெரிய பலன் தெரியவில்லை. ஆனாலும், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் இருந்தால் பிள்ளை நன்றாகப் படிக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அந்த ஆளைத்தான் இப்போது போனுக்குள் கொண்டுவந்துவிட்டதாகச் சொல்கிறார்கள்.

அப்படியென்றால் பலன் தெரிய வேண்டுமே? இங்கேதான் ஒரு துருக்கிப் பள்ளியின் அனுபவம் முக்கியமாகிறது.

17 சதவீதம் எங்கே போனது?

பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் துருக்கியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஏறக்குறைய ஆயிரம் மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். அதன் முடிவுகள் 2025இல் ஆய்விதழில் வெளியாகின. கணக்குப் பயிற்சி நேரத்தில் ஒரு பிரிவினருக்கு சாதாரண சாட்ஜிபிடி மாதிரியான சாட்பாட் கொடுக்கப்பட்டது. இன்னொரு பிரிவினருக்கு, விடையை நேரடியாகச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி ஆசிரியர்கள் உதவியோடு அமைத்த சாட்பாட். மூன்றாவது பிரிவினருக்குப் புத்தகமும் நோட்டும் மட்டும்.

பயிற்சியின்போது சாதாரண சாட்பாட் வைத்திருந்தவர்களின் மதிப்பெண் 48 சதவீதம் கூடியது. குறிப்பு தரும் சாட்பாட் வைத்திருந்தவர்களுக்கு 127 சதவீதம். பிரமாதம்தான். அதன்பின் சாட்பாட்டை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். சாதாரண சாட்பாட்டில் பயிற்சி எடுத்தவர்கள், அதைத் தொடாதவர்களைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். குறிப்பு மட்டும் பெற்றவர்களுக்கு அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை.

இதில் கவலை தரும் விஷயம் வேறொன்று. சறுக்கிய மாணவர்களுக்குத் தாங்கள் சறுக்கியதே தெரியவில்லை. நன்றாகக் கற்றுக்கொண்டதாகவே நினைத்தார்கள். "நல்லா போகுதுக்கா" என்று தம்பி சொன்னது பொய்யில்லை. அவனுக்கு உண்மையிலேயே அப்படித்தான் தெரிந்தது.

ஆகவே ஏஐ நல்லதா கெட்டதா என்று கேட்டுப் பயனில்லை. சாட்டில் யார் விளக்குகிறார், யார் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதுதான் பார்க்க வேண்டியது.

வாத்துக்கும் நாய்க்கும் சொல்லிக்கொடுப்பவர்கள்

ஐடி துறையில் இருப்பவர்களுக்கு 'ரப்பர் டக் டீபக்கிங்' தெரிந்திருக்கும். 1999இல் ஆண்ட்ரூ ஹன்ட், டேவிட் தாமஸ் எழுதிய 'தி பிராக்மாட்டிக் புரோகிராமர்' நூல் வழியே பரவிய வழக்கம். கோடில் பிழை பிடிபடாவிட்டால், மேசையில் ஒரு ரப்பர் வாத்தை வைத்து, ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று அதற்கு விளக்க வேண்டும். பாதி விளக்கும்போதே, "அட, இங்கதான் தப்பு!" என்று தெரிந்துவிடும். வாத்து வாயே திறந்திருக்காது.

ஏன் இது வேலை செய்கிறது? அமெரிக்க ஆய்வாளர் மிஷெலின் சீ, 1994இல் வெளியிட்ட ஆய்வில், எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் ரத்த ஓட்டம் பற்றிய பாடத்தைக் கொடுத்தார். ஒரு பிரிவினர் ஒவ்வொரு வாக்கியம் படித்ததும் அதைத் தமக்குத் தாமே விளக்கிக்கொள்ள வேண்டும். இன்னொரு பிரிவினர் அதே பாடத்தை இரண்டு முறை படித்தார்கள். விளக்கிக்கொண்டவர்களுக்கே அதிகம் புரிந்தது. படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். சொல்ல ஆரம்பித்தால்தான் எங்கே ஓட்டை என்று தெரியும்.

சொல்லிக்கொடுக்க ஒரு 'ஆள்' இருந்தால் இன்னும் நல்லது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளைகள் கணினித் திரையில் உள்ள ஒரு கற்பனைப் பாத்திரத்துக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். தனக்காகப் படித்ததைவிட, தான் சொல்லிக்கொடுக்கும் அந்தப் பாத்திரத்துக்காகப் படிக்கப் பிள்ளைகள் அதிக நேரம் செலவிட்டார்கள். தான் ஃபெயிலானால் தனக்குத்தானே என்று விட்டுவிடுகிற பிள்ளை, தன்னை நம்பியிருக்கும் ஒன்று ஃபெயிலாகக் கூடாது என்று மெனக்கெடுகிறது. ஆட்டுக்குட்டிக்குத் தழை ஒடிக்க வெயிலில் போகும் பையனிடம் இருப்பதும் இதே குணம்தான்.

அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் 1999இல் ஒரு திட்டம் தொடங்கியது. வாசிக்கத் திணறும் பிள்ளைகள், பயிற்சி பெற்ற நாயின் பக்கத்தில் உட்கார்ந்து அதற்குக் கதை வாசித்துக்காட்ட வேண்டும். நாய் திருத்தாது, சிரிக்காது, அவசரப்படுத்தாது. இந்த யோசனை பல நாடுகளுக்குப் பரவியது. இதனால் வாசிப்புத் திறன் உறுதியாகக் கூடுகிறது என்று சொல்லப் போதுமான தரமான ஆய்வுகள் இல்லை என்று 2016இல் வந்த ஒரு மதிப்பாய்வு எச்சரித்தது. அது இருக்கட்டும். ஒரு பிள்ளை கூச்சமில்லாமல் சத்தமாக வாசிக்க ஓர் இடம் கிடைக்கிறது என்பதே பல வீடுகளில் பெரிய விஷயம்.

வாத்தோ, நாயோ, திரையில் இருக்கும் பாத்திரமோ, மூன்றுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. எதற்கும் விடை தெரியாது. அதனாலேயே பிள்ளை பேச வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றுக்கும் தலையாட்டும் நட்பு

ஏஐ சாட்பாட் இதற்கு நேரெதிர். அதற்கு எல்லாம் தெரியும், அல்லது தெரிந்த மாதிரி பேசும். கூடவே, பயனரைச் சந்தோஷப்படுத்தப் பார்க்கும். 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியின் ஒரு புதிய வடிவம் பயனர்களை அளவுக்கு மீறிப் புகழ்ந்து, எதற்கெடுத்தாலும் ஆமாம் சாமி போட்டதால், ஓபன்ஏஐ நிறுவனமே அதைத் திரும்பப் பெற்றது.

இயந்திரத்தோடு மனிதர்கள் ஒட்டிக்கொள்வது புதிதும் இல்லை. எம்ஐடியில் ஜோசப் வைசன்பாம் 1966இல் வெளியிட்ட எலிசா என்ற எளிய புரோகிராம், சொல்வதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும், அவ்வளவுதான். அது உருவானதை அருகிலிருந்து பார்த்த அவரது செயலாளரே, அதோடு தனியாகப் பேச வேண்டும், கொஞ்சம் வெளியே போங்கள் என்று அவரிடம் சொன்னாராம். விவரம் தெரிந்த பெரியவருக்கே அப்படியென்றால், எட்டாம் வகுப்புப் பையனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

"செவலை சேலையைத் தின்னுட்டு" என்று சாட்பாட்டிடம் சொன்னாலும் அது சிரிப்பு எமோஜியோடு பதில் போடும். ஆனால், மறுவாரம் அதுவாக வந்து, "சேலை என்னாச்சு?" என்று கேட்காது. சித்தி ஏசியதை நினைத்து அக்கா சிரிப்பது வேறு, ஏனென்றால் அவளும் அந்த வீட்டில் ஏச்சு வாங்கியவள். "எட்டாங்கிளாஸ்ல எனக்கும் இந்தக் கணக்கு வரலடா" என்று அவள் சொல்ல முடியும். அந்த ஒரு வரி, பையனுக்கு பத்து படிநிலை விளக்கத்தைவிடத் தெம்பு தரும்.

எல்லோருக்கும் அக்கா இருக்கிறாளா?

இதுதான் இந்த வாதத்தின் பலவீனமான இடம். வீட்டில் முதல் ஆளாகப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு ஓஎம்ஆரில் அக்கா இருக்க மாட்டாள். கேட்க ஆளே இல்லாத பிள்ளைக்கு சாட்பாட்டும் வேண்டாம் என்று சொல்வது, வசதியுள்ளவர்கள் சொல்லும் அறிவுரையாகிவிடும்.

தமிழ்நாடு இதற்கு ஒரு மனித விடையை முயன்று பார்த்தது. கொரோனாக் கால இழப்பைச் சரிசெய்ய, 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில், அந்தந்தத் தெருவைச் சேர்ந்த தன்னார்வலர்கள் மாலையில் 1 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தார்கள். திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் நடந்த அந்த வகுப்புகளின் பலம் பாடத்திட்டம் மட்டுமல்ல. சொல்லிக்கொடுத்தவர் பிள்ளைக்குத் தெரிந்த அக்கா. அவளுக்கு அந்த வீட்டு நாயின் பேரும் தெரியும்.

அப்படி யாரும் இல்லாதபோது ஏஐயைப் பயன்படுத்தலாம். ஆனால் நாற்காலியை மாற்றிப் போட வேண்டும். "இதற்கு விடை சொல்" என்பதற்குப் பதிலாக, பிள்ளை இப்படிக் கேட்கலாம்: "நீ ஏழாம் வகுப்பு மாணவன். நான் உனக்கு இந்தக் கணக்கைச் சொல்லித்தரேன். புரியாத இடத்தில் கேள்வி கேள். விடையை நீயா சொல்லாதே." இப்போது விளக்குவது பிள்ளையின் வேலையாகிவிடுகிறது. துருக்கிச் சோதனையில் குறிப்பு மட்டும் தந்த சாட்பாட் சறுக்கலைத் தடுத்ததும் ஏறக்குறைய இந்த வழியில்தான். மாணவன் யோசிக்க வேண்டிய இடத்தை அது எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த ஒரு தந்திரத்தைத் தம்பிக்குச் சொல்லிக்கொடுக்க அக்காவுக்கு ஐந்து நிமிடம் போதும். "சாட்ஜிபிடி கிட்ட கேளு" என்று சொல்லி நிறுத்துவதற்கும், எப்படிக் கேட்பது என்று சொல்லிவிட்டுப் போவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

"உன் நாய்க்குட்டி படம் அனுப்பேன்"

நட்பான அரட்டைக்கு இன்னொரு முகமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட முடியாது. ஆன்லைன் கேமிலோ இன்ஸ்டாகிராமிலோ பிள்ளைகளை அணுகும் முன்பின் தெரியாதவர்கள் எடுத்தவுடன் தப்பாகப் பேசுவதில்லை. ஹோம்வொர்க்குக்கு உதவுவதாகச் சொல்வார்கள், வளர்ப்புப் பிராணியைப் பற்றிக் கேட்பார்கள். பிள்ளைகள் தயங்காமல் பேசும் விஷயங்கள் அவை. நாய்க்குட்டி படத்துக்குப் பின்னால் வீட்டு வாசல், தெருப் பெயர்ப் பலகை, கொடியில் காயும் பள்ளிச் சீருடை எல்லாம் இருக்கும். செல்லப் பிராணியின் பேரையே பாஸ்வேர்டாக வைத்திருக்கும் பெரியவர்களும் ஏராளம். 'செவலை123' என்பது பையன் தட்டும் முதல் பாஸ்வேர்டாக இருந்தால் ஆச்சரியமில்லை.

சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குட்பட்ட எல்லோரும் குழந்தைகள். அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். அவர்களின் நடத்தையைக் கண்காணிப்பதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது. பாலியல் நோக்கத்தோடு குழந்தையை ஆன்லைனில் தொடர்ந்து தொடர்புகொள்வது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றம். சாட்ஜிபிடிக்கும் 13 வயது ஆகியிருக்க வேண்டும், 18 வரை பெற்றோர் அனுமதி வேண்டும் என்று விதி உண்டு.

ஆனால் விதி எதுவாக இருந்தாலும், சிக்கல் வந்தால் பிள்ளை முதலில் யாரிடம் சொல்லும்? ஏற்கெனவே யாரிடம் வெட்டிக்கதை பேசிக்கொண்டிருக்கிறதோ, அவரிடம்தான். போனைப் பிடுங்கும் ஆளிடம் சொல்லாது. "யாரோ ஒரு அண்ணன் செவலை படம் கேக்கான்க்கா" என்று வரும் மெசேஜ், தினசரி அரட்டை ஓடிக்கொண்டிருக்கும் இடத்துக்கே வரும். அந்த இடம் மூடிக்கிடந்தால் பிள்ளையின் பயமும் உள்ளேயே கிடக்கும்.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. ஊரில் ஒரு தம்பி, தங்கை, அக்கா மகன், அண்ணன் மகள் இருக்கும் யாரும் செய்யக்கூடியவை இவை:

• ஆட்டுக்குட்டியையோ பூனையையோ பற்றிக் கேட்டுவிட்டுப் பாடத்துக்கு வாருங்கள். 'ஹோம்வொர்க் முடிச்சியா?' என்று தொடங்கும் சாட் பெரும்பாலும் 'ம்' என்ற பதிலோடு முடிந்துவிடும்.

• விடையை டைப் செய்து அனுப்பாதீர்கள். "நீ இதுவரைக்கும் என்ன போட்ட? எனக்கு வாய்ஸ் நோட்ல சொல்லு" என்று கேளுங்கள். ஒரு நிமிட வாய்ஸ் நோட்டில் பாதி டவுட் அதுவாகவே தீர்ந்துவிடும். பஸ்ஸில் போகும்போது கேட்டுக்கொள்ளலாம்.

• உங்களுக்கே தெரியாவிட்டால் அப்படியே சொல்லுங்கள். "எனக்கு மறந்துபோச்சுடா, நீ படிச்சுட்டு எனக்குச் சொல்லு" என்பது தோல்வி இல்லை. பிள்ளைக்கு ஒரு மாணவர் கிடைத்துவிட்டார்.

• ஏஐ பயன்படுத்தட்டும். ஆனால் 'நீ டீச்சர், அது ஸ்டூடண்ட்' என்ற முறையை ஒருமுறை கூட இருந்து காட்டிக்கொடுங்கள். முடிந்ததும் அதை மூடிவிட்டு, அதே மாதிரி ஒரு கணக்கைத் தனியாகப் போடச் சொல்லுங்கள்.

• செல்லப் பிராணியின் பேரைப் பாஸ்வேர்டாக வைக்க வேண்டாம், தெரியாதவருக்கு வீடு தெரியும் படம் அனுப்ப வேண்டாம் என்று பயமுறுத்தாமல் சொல்லிவையுங்கள். சிக்கல் வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098, சைபர் குற்றங்களுக்கு 1930. படிப்பு சார்ந்த ஆலோசனைக்குத் தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் 14417.

தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்க யாராலும் முடியாது. வேலை பார்க்கிறவர்களிடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. வாரத்தில் இரண்டு ராத்திரி, பத்துப் பத்து நிமிடம் போதும். மற்ற நாள்களில் சாட்பாட் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் பிள்ளை யோசிப்பதை யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறாரா என்பதை மட்டும் விட்டுவிடக் கூடாது.

38.5 என்ற விடை இனி எந்தப் போனிலும் ஒரு நொடியில் கிடைக்கும். 77 என்று தப்பாகச் சொல்லிவிட்டு, "இருக்கா, பாத்துட்டு வாரேன்" என்று கயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓட, அதைக் கேட்க ஓர் ஆள் வேண்டும். அடுத்த முறை ராத்திரி ஒன்பது மணிக்கு "எக்கா, இருக்கியா?" என்று மெசேஜ் வந்தால், எவ்வளவு அசதியாக இருந்தாலும் இரண்டு வரி தட்டிவிடலாம்: "இருக்கேன்டா. செவலை என்ன பண்ணுது?"